தென்னையைக் காக்க ஒரு நோய்: வாவிக்கரைத் தோட்டங்களும் வண்டு வைரசும்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தேங்காயின் சில்லறை விலை 200 ரூபாவைத் தாண்டியபோது, அதற்கான காரணங்களாக வரட்சி, பசளைத் தட்டுப்பாடு, குரங்குகளின் தொல்லை ஆகியன நாடெங்கும் பேசப்பட்டன. இவை யாவும் உண்மையே. ஆயினும் தென்னங்குருத்தினுள் இரவில் புகுந்து பகல் முழுவதும் மறைந்திருக்கும் காண்டாமிருக வண்டைப் பற்றி எவரும் பெரிதாகப் பேசவில்லை. குரங்கைக் கண்ணால் காண்கிறோம். அது பறித்தெறியும் குரும்பையையும் காண்கிறோம். வண்டின் வேலையோ ஓலை விரிந்த பின்னரே தெரியவருகிறது. கத்தரிக்கோலால் வெட்டியது போன்று ஓலை முக்கோண வடிவில் துண்டுபட்டிருப்பதைக் காணும்போது, அதனைச் செய்த வண்டு அம்மரத்தை விட்டுப் போய் வாரங்கள் பல ஆகியிருக்கும்.

மட்டக்களப்பு வாவியின் கரையோரத்தவருக்கு இது வெறும் விலைவாசிப் பிரச்சினை அன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் மணல் நிலம் நெல்லுக்கு உகந்ததன்று. அங்கே மண்ணுக்கு ஏற்ற பயிராக நிலைத்திருப்பது தென்னையே. கல்லடி தொடக்கம் காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி வரை வீட்டு வளவுகளிலும் தோட்டங்களிலும் தென்னை நிற்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதியை ஒரே இரவில் சாய்த்தது. அதன்பின் நாட்டப்பட்டவற்றுள் பல, போர்க்காலத்தில் பராமரிப்பற்றுப் போயின. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரத்தைத் தாக்கியது. ஆகவே இக்கரையில் தென்னை நாட்டுதல் என்பது மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கப்படும் ஒரு வேலையாகவே இருந்து வந்துள்ளது. வண்டு மிகுதியாக அழிப்பதும் இளங்கன்றுகளைத்தான். வளர்ந்த மரம் சில ஓலைகளை இழந்தும் காய்க்கும். மூன்று நான்கு வயதுக் கன்றின் குருத்து முளையை வண்டு எட்டிவிட்டால் கன்று மாண்டுபோகும். நாட்டியவரின் சில ஆண்டு உழைப்பும் அதனுடன் போய்விடும்.

இவ்வண்டின் வாழ்க்கை முறையை அறியாமல் அதனை வெல்ல முயல்வது வீண். ஏறத்தாழ நான்கு ஐந்து சென்ரிமீற்றர் நீளமும், கரிய நிறமும், தலையில் ஒரு கொம்பும் உடைய இவ்வண்டு உயிருள்ள தென்னையில் முட்டை இடுவதில்லை. உக்கிய தென்னங்குற்றி, மாட்டெருக் குவியல், மரத்தூள், அழுகிய வைக்கோல், மூடப்படாத கூட்டெரு ஆகியவற்றிலேயே பெண்வண்டு முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் வெண்ணிறப் புழு அக்குவியலுக்குள்ளேயே பல மாதங்கள் தின்று பருக்கிறது. அது தென்னைக்கு எவ்விதத் தீங்கும் செய்வதில்லை. கூட்டுப்புழுப் பருவமும் கழிந்து வண்டாக வெளிவந்த பின்னரே மரத்தைத் தேடிப் பறக்கிறது. குருத்தைத் துளைத்து உட்சென்று சாற்றை உறிஞ்சுகிறது. அது துளைத்த புண்ணில் செவ்வண்டு முட்டையிடுவதும் உண்டு. செவ்வண்டின் புழு தண்டை உள்ளிருந்து குடைந்துவிட்டால், முதல் வண்டு தொடங்கிய அழிவை இரண்டாவது வண்டு முடித்துவைக்கிறது.

பீடைநாசினிகளுக்கு இவ்வண்டு ஏன் அடங்குவதில்லை என்பதற்கு இதிலேயே விடை இருக்கிறது. நச்சு மருந்தைப் பூச்சி தாங்கிக்கொள்வதில் இரு வகை உண்டு. ஒன்று உடலால் வரும் எதிர்ப்பு. மீண்டும் மீண்டும் ஒரே மருந்தைத் தெளிக்கும்போது, அதனைத் தாங்கவல்ல சிலவே எஞ்சி இனம் பெருக்குகின்றன. சில தலைமுறைகளில் மருந்து பயனற்றுப் போகிறது. கோவா, மிளகாய், தக்காளி, பருத்தி ஆகியவற்றின் புழுக்களிடம் உலகெங்கும் கண்டது இதுவே. மற்றையது வாழ்விடத்தால் வரும் தப்பிப்பு. காண்டாமிருக வண்டு இவ்வகையைச் சேர்ந்தது. புழு எருக்குவியலின் ஆழத்தில் இருக்கிறது. வண்டு ஐம்பது அடி உயரத்தில், குருத்தின் உள்ளே இருக்கிறது. விசிறப்படும் மருந்து இரண்டையும் எட்டுவதில்லை. ஓலைக்கக்கத்தில் மருந்து கலந்த மணலை இடுவதோ, இரும்புக் கம்பியால் வண்டைக் குத்தி எடுப்பதோ கன்றுகளுக்கு உதவும். நெடுமரங்களுக்கு மாதந்தோறும் ஏறி இதனைச் செய்விக்க எத்தனை பேரால் முடியும்? ஏறுபவருக்குக் கொடுக்கும் கூலி, பல வேளைகளில் அம்மரம் தரும் காய்களின் விலையையே விழுங்கிவிடும்.

மருந்தின் மற்றொரு முகத்தையும் இந்நாடு நன்கு அறிந்திருக்கிறது. வீட்டில் வைக்கப்பட்ட பூச்சி மருந்துப் போத்தல், வயலில் கொன்ற பூச்சிகளோடு வீட்டில் மனிதரையும் கொன்றது. அதனாலேயே 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியனவும் 1998இல் எண்டோசல்பானும் தடைக்கு உள்ளாயின. தற்கொலை மரணங்கள் அதன்பின் கணிசமாகக் குறைந்தன. உலக நாடுகள் பல இன்றும் எடுத்துக்காட்டும் நல்ல முடிவு அது. ஆனால் மருந்தை விலக்கிய இடத்தில் வேறொரு வழியை வைக்கவேண்டும் அல்லவா? 2021இல் இரசாயன உரங்களையும் பீடைநாசினிகளையும் ஒரேயடியாகத் தடைசெய்து, சில மாதங்களிலேயே அதனைக் கைவிட நேர்ந்த அனுபவம், மாற்று வழியின்றி விலக்குவதன் விளைவை எல்லோருக்கும் காட்டியது.

இவ்வண்டுக்கு மாற்று வழி ஒன்று உண்டு. அது வண்டைப் பிடிக்கும் ஒரு நோய். அந்நோயைத் தரும் வைரசு. அதன் வரலாறு நம் நாட்டுடன் தொடர்புடையது என்பதைப் பலர் அறியார்.

1909இல் இலங்கையிலிருந்து பசிபிக் சமுத்திரத்தின் சமோவாத் தீவுகளுக்கு இறப்பர் நாற்றுகள் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றுடன் நம்மூர்க் காண்டாமிருக வண்டும் போய்ச் சேர்ந்தது. அன்று சமோவா ஜேர்மனியின் ஆட்சியில் இருந்தது. வண்டையும் புழுவையும் தேடி எடுக்குமாறு ஊரவர்களை ஆட்சியாளர் கட்டாயப்படுத்தினர். ஆயினும் வண்டு பரவியது. பின்னர் டொங்காவின் ஒரு தீவு, வலிஸ், பலாவு, பப்புவா நியூகினியின் நியூ பிரித்தன், 1953இல் பீஜி எனத் தீவு தீவாகச் சென்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது நுழைந்த பலாவுவில், பத்தாண்டுகளுக்குள் தென்னைகளில் ஏறத்தாழ பாதி மாண்டன. தேங்காயையும் கொப்பராவையும் தவிர வேறு வருவாய் அறியாத மக்களுக்கு இது பஞ்சத்துக்கு ஒப்பான பேரிடர்.

இங்கே எழும் கேள்வி எளிமையானது. தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் தொன்றுதொட்டு இருந்துவரும் இவ்வண்டு, தாயகத்தில் தென்னையை முற்றாக அழித்துவிடவில்லை. பசிபிக்கில் மட்டும் ஏன் அழித்தது? தாயகத்தில் அதனைக் கட்டுப்படுத்தும் ஏதோ ஒன்று, புதிய நாட்டுக்கு அதனோடு போகாமல் விடுபட்டிருக்கவேண்டும். அந்த ஒன்றைத் தேடி 1963இல் ஜேர்மன் பூச்சி நோயியலாளர் அலோயிஸ் ஹூகர் தென்கிழக்காசியா சென்றார். இன்றைய மலேசியாவில், நோயுற்று இறந்துகொண்டிருந்த வண்டுப் புழுக்களை அவர் கண்டார். அவற்றின் உடல் வெளிறிக் கண்ணாடி போல் ஆகியிருந்தது. காரணம் பக்டீரியாவோ பங்கசோ அன்று; மில்லிமீற்றரின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அளவே நீளமுள்ள ஒரு வைரசு. 1966இல் அவர் இதனை விபரித்து வெளியிட்டார். இன்று அது ஒரிக்டெஸ் நியூடிவைரசு எனப்படுகிறது.

இந்த வைரசு செயற்படும் விதம் மிக வியப்புக்குரியது. அதை உண்ட புழு சில வாரங்களுக்குள் இறக்கிறது. வளர்ந்த வண்டு உடனே இறப்பதில்லை. அதன் நடுக்குடலில் வைரசு பல்கிப் பெருகுகிறது. குடல் வீங்கிப் பால் போன்ற வெண்ணிறத் திரவத்தால் நிரம்புகிறது. வண்டு உண்பதைக் குறைத்துக்கொள்கிறது; பறப்பதும் குறைகிறது; பெண்வண்டு முட்டையிடுவதை நிறுத்திவிடுகிறது அல்லது வெகுவாகக் குறைத்துவிடுகிறது. ஆனால் வாழும் நாள்வரை, நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வைரசைத் தன் எச்சத்தில் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. முட்டையிடும் குவியலுக்குள் புகும்போது அங்குள்ள புழுக்களுக்கு நோயைக் கொடுக்கிறது. இணை சேரும்போது இணைக்குக் கொடுக்கிறது. ஒரே துளையில் உண்ணவரும் மற்றைய வண்டுக்கும் கொடுக்கிறது. மருந்து எட்டாத குருத்துக்குள்ளும் குவியலின் ஆழத்துக்குள்ளும் மருந்தைக் கொண்டுசெல்லும் வேலையை வண்டே செய்துவிடுகிறது. மனிதருக்கோ கால்நடைக்கோ தேனீக்கோ இதனால் தீங்கில்லை. காண்டாமிருக வண்டையும் அதற்கு மிக நெருங்கிய சில வண்டினங்களையும் தவிர வேறொன்றையும் அது தொடுவதில்லை.

1967இல் இவ்வைரசு சமோவாவில் விடப்பட்டது. நோயுற்ற புழுக்களை அரைத்து மரத்தூளில் கலந்து, தென்னங்குற்றிகளுடன் குவியலாக வைத்தார்கள். முட்டையிட வந்த வண்டுகள் நோயுடன் திரும்பிச் சென்றன. சில ஆண்டுகளுக்குள், வைக்கப்படாத இடங்களிலும் நோய் காணப்பட்டது. ஓலைச் சேதம் பெருமளவு குறைந்தது. 1970களில் டொங்கா, பீஜி, மொரிசியஸ் ஆகிய இடங்களிலும், 1980களில் நம் அயலில் உள்ள மாலைதீவிலும் இலட்சத்தீவின் மினிக்கோய்த் தீவிலும் இதே முறை கையாளப்பட்டுப் பயன் தந்தது. பூச்சி ஒன்றைப் பூச்சியின் வைரசினால் நாடளாவிய அளவில் அடக்கிய வரலாற்றில் இதற்கு நிகரான வெற்றிகள் மிகச் சிலவே. ஆயினும் சமோவாவில் பிற்காலத்தில் வைரசை மறுபடியும் விடவேண்டி வந்தது. ஒருமுறை விட்டதும் என்றென்றைக்கும் காக்கும் என்று எண்ணுவது தவறு.

இதற்குக் காரணம் வைரசின் உடலமைப்பிலேயே உள்ளது. கம்பளிப்புழுக்களைத் தாக்கும் பக்குலோ வைரசுகள் கடினமான புரத உறையொன்றினுள் அடங்கியிருக்கின்றன. எனவே அவற்றைக் குப்பியில் அடைத்து வைக்கலாம். நீரில் கலந்து விசிறலாம். மண்ணில் ஆண்டுக்கணக்கிலும் கிடக்கும். தமிழ்நாட்டில் பருத்தி, கடலை, தக்காளி ஆகியவற்றின் காய்ப்புழுவுக்கு விசிறப்படும் வைரசு இவ்வகையினதே. தென்னை வண்டின் வைரசுக்கு அவ்வுறை இல்லை. வெயிலும் வரட்சியும் அதனைச் சில நாட்களில் அழித்துவிடும். உயிருள்ள வண்டின் குடல்தான் அதற்குப் பாதுகாப்பான இடம். வண்டுகள் மிக அருகிவிட்டால் வைரசும் கைமாற ஆளின்றி அருகிவிடுகிறது. பின்னர் வண்டு பெருகும்போது நோய் அதனைத் தொடர்ந்து பிடிக்கச் சிறிது காலம் எடுக்கிறது.

இவ்விடத்தில் நமது நிலைமைக்கும் தீவுகளின் நிலைமைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். சமோவாவுக்கும் மாலைதீவுக்கும் வைரசு முற்றிலும் புதியது. அதனாலேயே அங்கே விளைவு அவ்வளவு திடீரென இருந்தது. கேரளத்திலோ, 1980களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, யாரும் விடாமலேயே இந்நோய் அங்குள்ள வண்டுகளிடையே இருப்பது தெரியவந்தது. தாயகப் பகுதி என்பதால் அது எதிர்பார்க்கத்தக்கதே. நோய் ஏற்கெனவே உலவும் இடத்தில் மேலும் விடுவது, இருப்பதைப் பெருக்கிக்கொடுப்பதாகுமே தவிர, புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதாகாது. பயன் உண்டு, பசிபிக்கில் கண்டது போன்ற பெரும் வீழ்ச்சியை எதிர்பார்க்கக்கூடாது. மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஹெக்டயருக்கு 10 முதல் 15 வரையான நோயூட்டப்பட்ட வண்டுகளை விடுமாறு பரிந்துரைப்பதோடு நின்றுவிடாமல், எருக்குழிகளில் மெற்றாரைசியம் என்ற பச்சைப் பங்கசை இடுவதையும், குருத்தைப் பேணுவதையும் அதனுடன் இணைத்தே கூறுவது இதனால்தான்.

2007இல் பசிபிக்கிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட குவாம் தீவில் முதன்முறையாக இவ்வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. வழமைபோல வைரசு வரவழைக்கப்பட்டு விடப்பட்டது. வண்டுகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. மரபணுவை ஆராய்ந்தபோது, சமோவாவுக்கு அன்று போன இனவழியிலிருந்து இது வேறுபட்டதென்று புலனாயிற்று. குவாம் வகை என்று பெயர் பெற்ற இவ்வண்டு 2009இல் போட் மோர்ஸ்பியிலும், 2013இல் ஹவாயிலும், 2015இல் சொலமன் தீவுகளிலும், 2019இல் வனுவாட்டு, நியூ கலிடோனியா ஆகியவற்றிலும் காணப்பட்டது. நாற்பதாண்டுகளாக வைரசை நம்பி வண்டை மறந்திருந்த நாடுகள் மீண்டும் மரமேறிப் பார்க்கத் தொடங்கின. இவ்வகை எல்லா வைரசு வகைகளையும் தாங்குகிறதா, அன்றி அன்று விடப்பட்ட வகைகளை மட்டுமா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனைக் கொல்லவல்ல வைரசு வகையைத் தேடும் பணி ஆசிய நாடுகளில் நடைபெற்று வருகிறது.

குவாமின் கதையில் மட்டக்களப்புக்குரிய பாடம் வைரசைப் பற்றியதைவிடப் புயலைப் பற்றியதே எனலாம். 2015 மே மாதம் டொல்பின் என்ற சூறாவளி அத்தீவைத் தாக்கியது. விழுந்த மரங்களும் தழைகளும் அங்கங்கே குவிந்து அழுகின. அக்குவியல்கள் யாவும் வண்டுகளின் தொட்டில்களாயின. அங்கிருந்து வெளிவந்த வண்டுகள் புயலுக்குத் தப்பி நின்ற தென்னைகளைக் கொன்றன. அம்மரங்கள் செத்து நின்று மேலும் வண்டுகளை வளர்த்தன. ஒரு சுழற்சி தொடங்கிவிட்டது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் வங்காள விரிகுடாவை அஞ்சி வாழும் நமது கரையோரத்துக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. புயலின்பின் வீதியை மறித்துக் கிடக்கும் மரங்களை வெட்டியகற்றுகிறோம். தோட்டத்தினுள் கிடப்பவற்றை அடுத்த போகம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம்.

பீடைநாசினிக்கு எதிர்ப்பு வளர்வது போலவே வைரசுக்கும் வளருமா என்று கேட்பவர்களுக்கு ஐரோப்பாவின் அப்பிள் தோட்டங்கள் விடை தருகின்றன. அப்பிளைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் புழு, கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஈய ஆர்சனேற்றைத் தாங்கப் பழகியது, பின்னர் டி.டி.ரி.யையும், அதன்பின் வந்த மருந்துகள் பலவற்றையும் தாங்கியது. 1963இல் மெக்சிக்கோவில் நோயுற்ற புழுக்களில் ஒரு வைரசு கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்து செய்யப்பட்ட தயாரிப்புகள் 1980களின் பிற்பகுதி முதல் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தன. மருந்துக்கு மசியாத புழு இவ்வைரசுக்கு மசிந்தது. இயற்கை முறைத் தோட்டக்காரர்கள் ஆண்டுதோறும் பலமுறை அதனையே விசிறினர். 2000களின் முற்பாதியில் தென் ஜேர்மனியிலும் பிரான்சிலும் சில தோட்டங்களில் புழுக்கள் இறக்கவில்லை. சாதாரணப் புழுவைக் கொல்லும் அளவைவிட ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் கொடுத்தாலும் அவை தாங்கின. தயாரிப்புகள் யாவும் மெக்சிக்கோவில் எடுத்த அந்த ஒரே வைரசு வகையிலிருந்து வந்தவை. புழுவின் பாலினத்தைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு மரபணு மாற்றமே அதனைத் தாங்கப் போதுமாயிருந்தது என 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. வேறு நாடுகளில் எடுத்த வைரசு வகைகளைச் சோதித்தபோது, எதிர்ப்புப் பெற்ற புழுக்களையும் கொல்லவல்லவை கிடைத்தன. இரசாயனத்துக்கும் வைரசுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. ஒரு மருந்து தோற்றால் புதிதாக ஒன்றை ஆய்வுகூடத்தில் செய்தாகவேண்டும். அதற்குப் பல்லாண்டும் பெருந்தொகையும் வேண்டும். வைரசு தோற்றால், அதன் உறவினர் இயற்கையில் எங்கோ இருக்கலாம், தேடவேண்டும், தெரிந்தெடுக்கவேண்டும். தேடுவதற்குப் பயிற்சி பெற்றவர்களும் ஆய்வுகூடமும் இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை.

ஆகவே வாவிக்கரைத் தென்னைக்காக முதலில் செய்யவேண்டியது வைரசை இறக்குமதி செய்வதன்று. இங்குள்ள வண்டுகளை எடுத்துப் பார்ப்பது. வாழைச்சேனை தொடக்கம் களுவாஞ்சிக்குடி வரை இன்னின்ன இடங்களில் கவர்ச்சிப் பொறிகளை வைத்து, மாதந்தோறும் விழும் வண்டுகளின் குடலை அறுத்துப் பார்த்தால் போதும். நலமான வண்டின் குடல் பழுப்பு நிறமாக ஒடுங்கியிருக்கும். நோயுற்றதன் குடல் வீங்கி வெளுத்திருக்கும். ஐயமுள்ளவற்றை மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம். வண்டு எந்த இனவழியைச் சேர்ந்தது, அதில் உள்ள வைரசு எந்த வகை என்பதையும் அதே சோதனை சொல்லிவிடும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. லுணுவிலவில் தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. முன்னது வண்டுக்கு அருகில் உள்ளது; பின்னதிடம் தென்னைப் பீடைகளுக்கு ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்து விட்ட நெடிய அனுபவம் உள்ளது. இரண்டும் சேர்ந்து செய்யக்கூடிய, பெருஞ்செலவில்லாத வேலை இது. நூறு வண்டில் எத்தனை நோயுற்றவை என்ற ஒரே எண் கையில் இல்லாமல் எந்தத் திட்டம் வகுத்தாலும் அது குருட்டுத் திட்டமாகவே இருக்கும்.

அவ்வெண் மிகக் குறைவாக இருந்தால், பிடித்த வண்டுகளுக்கு நோயூட்டி மாலையில் திரும்ப விடலாம். இதற்குத் தோட்டக்காரரின் சம்மதம் பெறுவது எளிதன்று. வண்டினால் கன்றுகளை இழந்த ஒருவரிடம் சென்று, உங்கள் தோட்டத்தில் பதினைந்து வண்டுகளை விடப்போகிறோம் என்றால் அவர் பொல்லை எடுப்பதில் வியப்பில்லை. நோயுற்ற வண்டு குறைவாகவே உண்ணும், அது முட்டையிடாது, அது சாவதற்கு முன் பல வண்டுகளைக் கொல்லும் என்பதைக் கண்ணால் காட்டினால் ஒழிய எவரும் நம்பமாட்டார். ஒரு கூட்டில் நல்ல புழுக்களையும் நோயுற்ற புழுக்களையும் வைத்துக் கமநல சேவை நிலையத்தில் சில வாரம் காட்சிப்படுத்தினால், நூறு துண்டுப்பிரசுரங்கள் செய்யாததை அது செய்யும். வைரசு விடப்பட்ட பகுதியில் பொறிகளை வைத்து வண்டுகளைத் திரளாகக் கொன்றால், நோயைச் சுமப்பவற்றையும் சேர்த்தே கொல்கிறோம் என்பதையும் அப்போதே விளக்கவேண்டும். கன்றுத் தோட்டத்தைச் சுற்றிப் பொறியும், முதிர்ந்த தோட்டங்களில் வைரசும் என இடத்தைப் பிரித்துக்கொள்வது அறிவுடைமை.

தனியார் நிறுவனங்கள் இதனைச் செய்யும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. புட்டியில் அடைக்க முடியாத, விட்டதும் அயலவர் தோட்டத்துக்கும் விலையின்றிப் பரவுகிற ஒன்றை விற்று எவரும் இலாபம் ஈட்ட முடியாது. சமோவாவிலும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியுடனான பொதுத் திட்டமே இதனைச் செய்தது. வெளிநாட்டு வைரசு வகை ஒன்று தேவைப்படுமாயின், 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான அனுமதியும் தொற்றுத்தடுப்புச் சோதனையும் அவசியம். அதனைத் தனியொருவர் பையில் மறைத்துக் கொண்டுவரும் நிலை வரக்கூடாது. 1909இல் வண்டு கடல் கடந்தது அவ்வாறான கவனமின்மையால்தான்.

வைரசு வந்தாலும் வராவிட்டாலும் மாறாத வேலை ஒன்று இருக்கிறது. எழுவான்கரையில் தென்னை நிற்கிறது. வாவியைக் கடந்தால் படுவான்கரையில் வயலும் மாடும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மாட்டெருவும் வைக்கோலும் வாவி கடந்து தோட்டங்களுக்கு வருகின்றன. வரும் எருவை வாங்கியவுடன் மண்ணில் கலந்துவிட்டால் தொல்லையில்லை. வேலியோரத்தில் ஆறு மாதம் குவித்து வைத்தால், அதற்குள் ஒரு தலைமுறை வண்டு வளர்ந்துவிடும். 2021இன் பின் கூட்டெரு செய்வோர் பெருகியுள்ளனர், வரவேற்கத்தக்கது. ஆனால் குவியலை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறி, வெளிப்படும் வெள்ளைப் புழுக்களைக் கோழிக்குப் போடவேண்டும் என்பதைப் பயிற்சி வகுப்புகளில் யாராவது சொல்கிறார்களா? மெற்றாரைசியம் பங்கசைக் குவியலில் கலப்பதையும் அதே வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாம். வெயில் படாத ஈரக் குவியல் அப்பங்கசுக்கு மிக உகந்தது.

எவராலும் பொறுப்பேற்கப்படாதவை, உரிமையாளர் ஊரில் இல்லாத காணிகள். போரின்போதும் அதன்பின்னும் வெளிநாடு சென்றவர்களின் வளவுகளில் செத்த தென்னைகள் தலையின்றி நிற்கின்றன. விழுந்தவை விழுந்தபடி உக்குகின்றன. பக்கத்து வளவுக்காரர் தன் கன்றுக்கு எத்தனை வேலை செய்தாலும், வண்டு மதிலுக்கு அப்பாலிருந்து வருகிறது. மரத்தை வெட்டித் துண்டாக்கி எரிக்கவோ, பிளந்து விறகாக்கவோ ஆகும் செலவைப் பிரதேச செயலகம் முற்பணமாகக் கொடுத்து, காணி உரிமையாளரிடம் பின்னர் அறவிடும் ஏற்பாடு ஒன்றைச் செய்யலாம். புயல் காலம் தொடங்குமுன், ஒக்டோபரில், கிராம சேவையாளர் பிரிவு வாரியாகச் செத்த மரங்களை எண்ணிப் பதிந்துவைத்தால், புயலின்பின் எவ்வளவு புதிதாகச் சேர்ந்தது என்பதும் தெரியவரும். விழுந்த குற்றி வண்டு முட்டையிடும் பக்குவத்துக்கு உக்க மாதங்கள் சில ஆகும். அதிலிருந்து அடுத்த தலைமுறை வண்டுகள் வெளிவர மேலும் சில மாதங்கள் ஆகும். டிசம்பரில் விழுந்த மரத்தை ஏப்ரலுக்குள் அகற்றிவிட்டால் அதிலிருந்து ஒரு வண்டுகூட வராது.